மாலேக்குப் பறந்த படை முள்ளிவாய்க்காலுக்குப் போகாதது ஏன்?

1988 நவம்பர் 3ஆம் நாள். மாலத்தீவின் தலைநகராகிய மாலேயில், விடியற்போதில், ஏறத்தாழ எண்பது கூலிப்படையினர் கரையேறி ஆட்சியைக் கைப்பற்ற முனைந்தனர். குடியரசுத் தலைவர் கையூம் மறைவிடத்தில் இருந்துகொண்டு நாடு நாடாக உதவி வேண்டினார். தில்லி அன்றே கூடிற்று, அன்றே எண்ணிற்று, அன்றே முடிவு செய்தது. ஆக்ராவிலிருந்து வான்குடைப் படையினரைச் சுமந்தெழுந்த பெருவானூர்திகள் ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை எங்கும் இறங்காமற் கடந்து, அன்றிரவே மாலேயை அடுத்த தீவின் வானூர்தித் திடலில் இறங்கின. சில மணி நேரத்தில் மாலே மீட்கப்பட்டது. பிணையாளரை இழுத்துக்கொண்டு கப்பலேறித் தப்பியோரைக் கோதாவரி, பேத்வா என்னும் போர்க்கப்பல்கள் கடலிற் துரத்தி மடக்கின. அக் கூலிப்படையினர் ஈழத்து இயக்கமொன்றிலிருந்து விலைக்குப் பெறப்பட்டவர் என்பது தமிழினம் தலைகுனியத்தக்க செய்தி. அவர்களை ஒடுக்கியது முறையே. அதில் எவர்க்கும் மாறுபாடில்லை.

இனி 2009ஆம் ஆண்டிற்கு வருக. சனவரி முதல் மே வரை முல்லைத்தீவுக் கடற்கரையில், நாளுக்கு நாள் சுருங்கிய மணற்பரப்பில், மூன்று இலக்கத்திற்கு மேற்பட்ட தமிழ் மக்கள் குண்டுமழையின் கீழ்ப் பதுங்குகுழி தோண்டிக் கிடந்தனர். ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றது. ஐ.நா.வின் உள்ளக ஆய்வு 2012இல் அத் தொகை 70,000க்கு மேலும் செல்லக்கூடும் என்றது. இம் மக்களை மீட்க ஆக்ராவில் எவ் வானூர்தியும் எழவில்லை. விசாகப்பட்டினத்தில் எப் போர்க்கப்பலும் நங்கூரம் தூக்கவில்லை.

ஒரு நாட்டுத் தலைவரைக் காக்க ஒரு பகற்பொழுது போதுமாயிருந்த தில்லிக்கு, ஓரினத்தின் மக்களைக் காக்க நான்கு மாதமும் போதாவாயின! இதனைப் போர்த்திறத்தின் குறை என்பதா? இடத்தின் குறை என்பதா? காலத்தின் குறை என்பதா? அன்றி நெஞ்சத்தின் குறை என்பதா?

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து வைத்தார். படை நடத்துவோன் முடிவு செய்யுமுன் எண்ண வேண்டியவை இம் மூன்றுமே. தில்லியின் முடிவையும் இம் மூன்று உரைகல்லிலும் தேய்த்துப் பார்ப்பதே முறை.

வலி இல்லையா?

வலி இல்லை என்பார் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1971 ஏப்பிரலில் இலங்கையில் மக்கள் விடுதலை முன்னணி இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். சிறிமாவோ அரசு உதவி கேட்டது. தில்லி உலங்கூர்திகளை அனுப்பியது. கடலிற் போர்க்கப்பல்களைக் காவலுக்கு நிறுத்தியது. கொழும்பின் ஆட்சிக் கட்டிலைக் காக்க அன்று வலி இருந்தது.

1987 மே இறுதியில் சிங்களப் படை வடமராட்சியிற் புகுந்தது. சூன் 3ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏற்றிய பத்தொன்பது மீன்பிடி படகுகள் புறப்பட்டன. சிங்களக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின. தில்லி அதனைத் தனக்கு நேர்ந்த இழிவாகக் கருதிற்று. மறுநாளே, சூன் 4ஆம் நாள், ஐந்து சரக்கு வானூர்திகள் மிராசு போர் வானூர்திகளின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேற் பறந்து, ஏறத்தாழ 25 தொன் பொருள்களை வான்குடை வழியாக இறக்கின. 'பூமாலை' என்று அந் நடவடிக்கைக்குத் தமிழ்ப்பெயரும் சூட்டினர். சிங்களப் படை ஒரு குண்டேனும் அவற்றை நோக்கிச் சுடவில்லை. இரண்டு திங்களுக்குள் கொழும்பு ஒப்பந்தத்திற்கு வந்தது. ஒருநாட் பறப்பு இவ்வளவு செய்தது!

2006 சூலையில் இசுரேல் இலெபனானைக் குண்டுவீசித் தாக்கியது. மும்பை, பிரம்மபுத்திரா, பேத்வா, சக்தி ஆகிய இந்தியக் கடற்படைக் கப்பல்கள் பெய்ரூத்துத் துறைமுகத்தை அடைந்து ஈராயிரத்திற்கு மேற்பட்டோரை மீட்டன. மீட்கப்பட்டோருள் இந்தியர் மட்டும் இல்லை, நேபாளியரும் இருந்தனர், இலங்கைக் குடிமக்களும் இருந்தனர். மீட்பு என்று வந்தபோது, தன்நாட்டுக் குடியா பிறநாட்டுக் குடியா என்று அன்று எவரும் கேட்கவில்லை. அது நல்ல செயலே. பெய்ரூத்திற் சிக்கிய இலங்கையரை மீட்ட அதே கடற்படைக்கு, முல்லைத்தீவிற் சிக்கிய இலங்கைத் தமிழரை மீட்க மட்டும் ஆணை வராதது ஏன் என்பதே வினா.

இடம் இல்லையா?

நாகப்பட்டினத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கப்பலுக்கு அஃது ஓர் இரவுப் பயணம். சோழர் படை கடாரம் சென்ற கடலில், கடாரத்தை நோக்க இஃது ஒரு முற்றம்.

ஆனால் வழி அடைபட்டிருந்தது என்பார் உளர். அடைபடவில்லை என்பதற்கு ஐயத்திற்கிடமற்ற சான்று உண்டு. 2009 பிப்ரவரியிலிருந்து மே முற்பகுதி வரை, செஞ்சிலுவைக் கழகம் அமர்த்திய கப்பல் புதுமாத்தளன் கரைக்கு வந்து வந்து சென்றது. குண்டடிபட்டோரையும் நோயாளரையும் உடன்வந்தோரையும் பல்லாயிரவராய் ஏற்றிச் சென்று கரை சேர்த்தது. போர் நடந்த அதே கடலில், அதே மணலில், அதே நாள்களில்தான் இது நடந்தது.

அதைவிட நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. அக் கப்பல் கொணர்ந்த புண்பட்டோர்க்கு மருத்துவம் செய்ய, 2009 மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு ஒன்று புல்மோட்டையில் மருத்துவமனை அமைத்தது. புல்மோட்டை எங்கே உள்ளது? முல்லைத்தீவுக்குத் தெற்கே, அதே கிழக்குக் கடற்கரையில் உள்ளது. ஆக, தில்லிக்கு இடமும் தெரியும், வழியும் தெரியும், அங்கிருந்து வருவோர் எவ்வகைப் புண்களோடு வருகின்றனர் என்பதும் அதன் மருத்துவர் கைகளுக்கே தெரியும். கை இழந்த குழந்தைக்குக் கட்டுப்போடக் கரையில் மருத்துவரை நிறுத்தத் தெரிந்த அரசுக்கு, அக் குழந்தை கை இழக்குமுன் ஏற்றிவரக் கப்பலை நிறுத்தத் தெரியவில்லையா?

காலம் இல்லையா?

திடீரென்று நடந்துவிட்டது, எண்ணிப் பார்க்க நேரமில்லை என்னும் சாக்கு மாலேக்குப் பொருந்தலாம், வன்னிக்குப் பொருந்தாது. 2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டு அலுவலர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். எங்களை விட்டுப் போகாதீர் என்று மக்கள் அவர்தம் வாயிலில் நின்று மன்றாடினர். சான்று சொல்வோர் வெளியேறிய இடத்தில் என்ன நிகழும் என்பதைக் கணிக்க உளவுத்துறை வேண்டா. 2009 சனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. சனவரி 21இல் சிங்கள அரசு முதலாம் 'பாதுகாப்பு வலய'த்தை அறிவித்தது. மக்கள் அதற்குட் சென்றனர். அதற்குட் குண்டு விழுந்தது. பிப்ரவரி 12இல் இரண்டாம் வலயம், அதிலும் குண்டு. மே 8இல் மூன்றாம் வலயம், அதிலும் குண்டு. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பிப்ரவரித் தொடக்கத்திலேயே தாக்கப்பட்டது. வன்னியில் எழுபதாயிரம் மக்களே உள்ளனர் என்று கொழும்பு சொல்லிற்று. அப் பொய்க்கணக்கின்படியே உணவும் மருந்தும் சுருக்கப்பட்டன. போர் முடிந்தபின் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டோர் மட்டும் இரண்டரை இலக்கத்திற்கு மேல்!

1983 சூலையில் என்ன நடந்தது? 24ஆம் நாள் இரவு கொழும்பிற் கொலைவெறி தொடங்கியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித்தேடிக் கொளுத்தினர். 25, 27 ஆகிய இரு நாள்களில் வெலிக்கடைச் சிறைக்குள் குட்டிமணி, தங்கதுரை உள்ளிட்ட 53 தமிழர் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டனர். செயவர்த்தனே வாய் திறக்கவே நான்கு நாளாயிற்று. திறந்த வாயில் இரக்கமும் இல்லை. தில்லி வெளியுறவு அமைச்சர் நரசிம்மராவை 28ஆம் நாள் அனுப்பியது. அவர் சென்றார், பார்த்தார், பேசினார், திரும்பினார். அன்று காலம் நான்கு நாள் என்றால், 2009இல் காலம் நான்கு மாதம். கிடைத்த காலம் முப்பது மடங்கு பெருகிற்று. செய்த செயலோ அதனினும் சிறுத்தது.

வலி இருந்தது; இடம் இருந்தது; காலம் இருந்தது. இல்லாதிருந்தது மனம் ஒன்றே.

அடுக்கப்படும் சாக்குகள்

முதற் சாக்கு, இறையாண்மை. பிறநாட்டுக்குள் எப்படிப் புகுவது என்று கேட்கின்றனர். 1987 சூன் 4ஆம் நாள் யாழ்ப்பாண வானிற் பறந்தபோது கொழும்பின் இசைவு பெற்றுத்தான் பறந்தனரா? தில்லியின் மதிப்புக்கு இழுக்கு வந்தபோது இறையாண்மை ஒரு நாளிற் கரைந்தது. தமிழன் உயிருக்கு இழுக்கு வந்தபோது மட்டும் அது கருங்கல்லாய் இறுகியது.

இரண்டாம் சாக்கு, 1987இற் படை அனுப்பிப் பட்ட பாடு. இது மறுத்தொதுக்கத்தக்க சாக்கன்று, ஆய்ந்து பார்க்கத்தக்கது. ஆயிரத்திற்கு மேற்பட்ட இந்தியப் படைஞர் ஈழமண்ணில் மாண்டது உண்மை. ஆனால் அவர்களைக் கொன்றது எது? இராசீவ் காந்தியும் செயவர்த்தனேயும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில், எந்த மக்களுக்காக அஃது எழுதப்பட்டதோ அம் மக்களின் கையொப்பம் இல்லை. காக்கச் சென்ற படையை மூன்று திங்களுக்குள் தாக்கும் படையாக்கியது தலைமை. 1987 அக்டோபர் 11ஆம் நாள் நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் உளவறியாது இறக்கப்பட்ட சீக்கியப் படைஞர் முப்பதின்மருள் ஒருவரே உயிரோடு பிடிபட்டார். மற்றையோர் அனைவரும் மடிந்தனர். அவ் விளைஞர் கோழையர் அல்லர். அவரை அங்கு இறக்கிய முடிவே பிழை. பத்து நாள் கழித்து யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அதே படை புகுந்தது. நோயாளரும் மருத்துவரும் செவிலியருமாக அறுபதின்மருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மீட்புக்கும் படையெடுப்புக்கும் வேறுபாடு அறியாத தலைமையின் வினை அது. 2009இல் தமிழினம் வேண்டியது இன்னொரு படையெடுப்பன்று. மருத்துவக் கப்பலும் அதற்குக் காவற் கப்பலும், ஏறுவோரை ஏற்றித் தமிழகக் கரையில் இறக்கும் ஆணையும், இவ்வளவே. படையை முறைகேடாய் அனுப்பித் தோற்றது, கப்பலை முறையாய் அனுப்பாமைக்கு விடையாகாது.

மூன்றாம் சாக்கு, புலிகளே மக்களைத் தடுத்து வைத்திருந்தனர் என்பது. ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கை இதனையும் சொல்கிறது; வெளியேற முயன்றோர் சுடப்பட்டதையும் சொல்கிறது. அதனை மறைப்பது தமிழ்ப்பற்றாகாது. மக்களினும் மேலான இயக்கம் எதுவும் இல்லை. அமெரிக்கக் கடற்படை வழியாக மக்களை வெளியேற்றும் எண்ணம் 2009 தொடக்கத்திற் பேசப்பட்டபோது, அது நிறைவேறவில்லை என்பதும் உண்மையே. ஆனால் இவ் வுண்மை எப்பக்கம் சான்று சொல்கிறது? உள்ளே தாழிட்ட வீடு தீப்பற்றி எரிகிறது. வெளியே ஒருவன் மேலும் நெய் ஊற்றுகிறான். தாழிட்டவன் மேற் குற்றம் உண்டு என்பதால், நெய் ஊற்றுவோனின் கையைப் பிடியாமல் நிற்கலாமா? இரு பக்கமும் அடைபட்ட மக்களுக்கன்றோ மூன்றாம் கை மிகத் தேவை! கொழும்பை இணங்கச் செய்யும் ஆற்றல் உலகில் எவர்க்கேனும் இருந்தது எனின், அது தில்லிக்கே இருந்தது.

நான்காம் சாக்கை வெளிப்படச் சொல்வார் சிலர். நெஞ்சுக்குள் வைத்திருப்பார் பலர். 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அக் கொலை கொடிது. அவரோடு பிறரும் மாண்டனர். கொன்றோர்க்கு மன்றம் உண்டு, சட்டம் உண்டு, தண்டனை உண்டு. பதுங்குகுழியிற் பிறந்து பதுங்குகுழியில் மாண்ட குழந்தைக்கும் அக் கொலைக்கும் என்ன தொடர்பு? ஒருவர் சாவுக்கு ஓரினத்தையே ஈடாக வைப்பது அரசியலும் அன்று, அறமும் அன்று.

கைகட்டி நின்றதா? கைகொடுத்ததா?

தில்லி வாளா இருந்தது என்பதுகூட அதற்குக் காட்டும் சலுகையே. தில்லி அளித்த சுற்றுக்காவற் கப்பல் 2000ஆம் ஆண்டு முதல் 'சயுர' என்னும் பெயரோடு சிங்களக் கடற்படையில் இருந்தது. சிங்கள வான்படைக்குத் தில்லி கதிரலைக் கருவிகளை வழங்கியது. 2008 செப்டம்பர் 9இல் வவுனியாப் படைத்தளம் தாக்கப்பட்டபோது, அங்குப் பணியிலிருந்த இந்தியத் தொழில்நுட்பர் இருவர் புண்பட்டனர். அதன் பின்னரே தமிழக மக்கள் பலர்க்கு இச் செய்தி தெரிந்தது. கொழும்பின் சார்பில் மூவரும் தில்லியின் சார்பில் மூவருமாக அறுவர் இடைவிடாது பேசிக்கொள்ளும் தனிவழி ஒன்றும் போர்க்காலம் முழுதும் இயங்கியது. நாள்தோறும் பேசும் வாய் இருந்தது. நிறுத்து என்னும் சொல்தான் அதிலிருந்து வரவில்லை.

போர் முடிந்தபின் தில்லி தன் நெஞ்சை உலகறியத் திறந்தே காட்டிற்று. 2009 மே 27ஆம் நாள், பிணங்கள் மக்குமுன், செனீவாவில் ஐ.நா. மாந்த உரிமை அவையில் கொழும்பைப் பாராட்டும் தீர்மானம் வந்தது. 29 நாடுகள் ஆதரித்தன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. மீட்கப் போகாத கை, பாராட்ட மட்டும் உயர்ந்தது!

தமிழகத் தலைமையின் கணக்கு

தில்லியை மட்டும் வைது முடித்தல் எளிது. அவ் வெளிமையிலேயே தமிழகத் தலைவர்கள் பல்லாண்டுகளாக ஒளிந்துகொண்டிருக்கின்றனர். அவர்தம் கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

2008 அக்டோபர் 14இல், முதலமைச்சர் கருணாநிதி தலைமையிற் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் தில்லிக்கு இரு கிழமை கெடு விதித்தது. போர் நிற்காவிடின் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர் பொறுப்பு விலகுவர் என்றது. விலகல் மடல்கள் எழுதப்பட்டன. ஆனால் அவை மக்களவைத் தலைவரின் கைக்குச் செல்லவில்லை. கட்சித் தலைவரின் கைக்கே சென்றன. அக்டோபர் 24இல் கொட்டும் மழையில் மாந்தச் சங்கிலி நின்றது. 26இல் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்சி சென்னைக்கு வந்தார்; துயர்துடைப்புப் பொருள்கள் பற்றிப் பேசினார்; கெடு கரைந்தது; மடல்கள் மடங்கின.

அம் மடல்களின் ஆற்றல் எவ்வளவு? அதற்கு மூன்று திங்களுக்கு முன், 2008 சூலை 22இல், மன்மோகன்சிங் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தப்பியது. ஆதரவு 275, எதிர்ப்பு 256. வேறுபாடு 19. தி.மு.க.வின் மக்களவை உறுப்பினர் 16 பேர். அப் பதினாறு பேரும் எதிர்ப்பக்கம் சென்றிருப்பின் ஆதரவு 259 ஆகும். எதிர்ப்பு 272 ஆகும். கூட்டல் கழித்தல் கற்ற சிறுவனும் இக் கணக்கைப் போடுவான். தில்லி அரசின் உயிர் சென்னையின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவ் விழுப்பறையைத் திறவாமையே முள்ளிவாய்க்காலுக்குத் தமிழகம் செய்த கேடு.

2009 ஏப்பிரல் 27ஆம் நாள் காலை கடற்கரையில், அண்ணா நினைவிடத்தில், முதலமைச்சர் உண்ணாநோன்பு தொடங்கினார். கனவகைப் படைக்கலங்களைப் பயன்படுத்தப் போவதில்லை என்று கொழும்பு அறிவித்தது. நண்பகலளவில் நோன்பு முடிந்தது, குண்டுவீச்சோ முடியவில்லை. அது பற்றிக் கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடாமையை அவர் உவமை கூறினார். அத் தூவானத்திற் செத்தவர் எண்ணிக்கையை எவ் வுவமையாற் சொல்வது?

எதிரணியினர் மேம்பட்டவரா? அ.தி.மு.க. பொதுச்செயலாளர் செயலலிதா 2009 சனவரியில், போர் என்றாற் பொதுமக்கள் இறப்பது இயல்பே என்னும் பொருள்படப் பேசினார். தேர்தல் வந்தது. ஏப்பிரலில் அவரே, இந்தியப் படையை அனுப்பித் தனி ஈழம் அமைப்பேன் என்று மேடையில் முழங்கினார். மே 13இல் தமிழகம் வாக்களித்தது. ஐந்தே நாளில் முள்ளிவாய்க்கால் முடிந்தது. ஒருவர்க்கு ஈழம் காக்க வேண்டிய நாற்காலி. மற்றவர்க்கு ஈழம் பிடிக்க வேண்டிய நாற்காலி. நாற்காலி ஒன்றே.

1983 ஆகசுட்டில் கருணாநிதியும் அன்பழகனும் ஈழத்தமிழர்க்காகச் சட்டமன்ற இருக்கையைத் துறந்தது பாராட்டத்தக்கது. எதிர்க்கட்சியாயிருந்தபோது துறக்க முடிந்த இருக்கை, ஆளுங்கட்சியானபோது துறக்க முடியாததாயிற்று என்பதே கேடு. 2013 மார்ச்சில் அதே தி.மு.க. ஈழச் சிக்கலையே கரணியமாகக் காட்டித் தில்லி ஆட்சியினின்று விலகியது. விலகுதல் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நான்காண்டு முந்தியிருப்பின் அது மருந்து. பிந்தியதால் அது நீத்தார் கடன்.

இதற்கிடையே 2009 சனவரி 29இல், சென்னையில் நடுவணரசு அலுவலகத்தின் முன் முத்துக்குமார் என்னும் இளைஞர் தம்மையே எரித்துக்கொண்டார். அவரைத் தொடர்ந்து வேறு பலரும் எரிந்தனர். ஈகத்தைப் போற்றிக் கண்ணீர் வடித்தல் எளிது. இளைஞன் தன் உடலை ஆயுதமாக்க வேண்டிய நிலை வராமற் செய்வதே தலைமை. பதினாறு மடல்கள் தில்லிக்குச் சென்றிருப்பின் அவ் விளைஞர் கடிதம் எழுதிவைத்துச் செத்திருக்க வேண்டியதில்லை.

கருணாபுரம் சொல்வதும் இதுவே

இத் தலைமைக் கேட்டைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. கல்வராயன் மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திற்கு வந்தாற் போதும். 2023 மே திங்களில் மரக்காணத்தில் நச்சுச் சாராயம் உயிர்களைக் குடித்தது. அஃது எச்சரிக்கை. ஓராண்டு கடந்தது. 2024 சூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். அதன் பின்னர் ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கப்பட்டார்; இறந்தோர் குடும்பத்திற்குப் பத்திலக்க உரூபா அறிவிக்கப்பட்டது; வெள்ளைச் சட்டைகள் தெருவை நிறைத்தன. இவற்றுள் ஒன்றேனும் ஒரு கிழமை முன்னர் நடந்திருப்பின்?

குண்டும் நஞ்சும் ஒன்றல்ல. சிங்களப் படையும் சாராய வணிகனும் ஒன்றல்லர். ஆனால் எச்சரிக்கையின்போது உறங்கிச் சாவின்பின் விழிக்கும் தலைமை இரண்டிடத்தும் ஒன்றே. கண்முன் உள்ள தெருவையே காக்கத் தெரியாதோர் கடலுக்கு அப்பால் உள்ள மக்களைக் காப்பர் என்று நம்பியதே தமிழ் மக்கள் செய்த பிழை.

செய்ய வேண்டுவன

ஆண்டுதோறும் மே 18இல் விளக்கேற்றுதல் வேண்டும். ஆனால் விளக்கேற்றுதலோடு நின்றுவிடின், கொன்றவனும் கைவிட்டவனும் அவ் வொளியிலேயே உறங்குவர். தமிழினம் மூன்றை வலியுறுத்திக் கேட்டல் வேண்டும்.

முதலாவது, கோப்புகள் திறக்கப்படுதல் வேண்டும். 25 ஆண்டு கடந்த ஆவணங்கள் ஆவணக் காப்பகத்திற்குச் செல்ல வேண்டும் என்பது நடுவணரசே வகுத்த நெறி. 1983, 1987, 1988 ஆகிய ஆண்டுகளின் கோப்புகள் அவ் வெல்லையைக் கடந்துவிட்டன. மாலேக்கு ஒருநாளில் முடிவெடுத்த கோப்பையும், கொழும்புக்கு ஓர் அமைச்சரை மட்டும் அனுப்பிய கோப்பையும் அருகருகே வைத்துத் தமிழன் படிக்கட்டும். 2008, 2009 ஆண்டுகளின் கோப்புகளுக்கும் நாள் குறிக்கப்படட்டும்.

இரண்டாவது, தமிழகச் சட்டமன்றம் தன் கணக்கைத் தானே பார்த்தல் வேண்டும். 2008 அக்டோபரிற் கெடு விதித்தது யார், தளர்த்தியது யார், எவ் வுறுதியின்பேரில் தளர்த்தப்பட்டது என்பன அவைக் குறிப்பில் ஏறுதல் வேண்டும். தில்லிக்குத் தீர்மானம் அனுப்பிப் பழகிய மன்றம், ஒருமுறை தனக்கும் தீர்மானம் எழுதட்டும்.

மூன்றாவது, கரைசேர்ந்தோரையேனும் காத்தல் வேண்டும். 1983 முதல் படகேறி வந்த ஈழத்தமிழரும் அவர் மக்களும் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். இங்கேயே பிறந்து இங்கேயே தமிழ் படித்தோர் அவருட் பலர். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கிசுத்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர்க்குக் கதவு திறந்தது. ஈழத்தமிழனை வெளியே நிறுத்தியது. கடலிற் போய் மீட்காத அரசு, கரைக்கு வந்தோரையும் மீட்க மறுப்பின், அதனை அரசு என்பதா, அயலான் என்பதா?

தமிழினத்தீர்! படை இருந்தும் போகாத முடிவும் ஒரு படைமுடிவே. கப்பலை நிறுத்திவைத்த கையும் போரில் ஈடுபட்ட கையே. அம் முடிவை எடுத்தோர் பெயரும், அதற்குத் தலையசைத்தோர் பெயரும் வரலாற்றில் எழுதப்படும் வரை ஓயற்க. அடுத்த முறை கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ்க்குரல் எழும்போது, தில்லி என்ன செய்யும் என்று காத்திருக்கும் தலைவனைத் தேடாதீர். தில்லியைச் செய்விக்கும் தலைவனை உருவாக்குக! அவ்வாறு செய்விக்க அஞ்சுவோன் எக் கட்சியினனாயினும், எவ்வளவு இனிய தமிழ் பேசினும், அவனுக்கு வாக்கும் இல்லை, வாழ்த்தும் இல்லை என்று உறுதி பூணுக!